எஸ்விஎன்ல இருந்து கிட்டுக்கு மாறப் போறீங்களா? நாங்க சறுக்கின இடங்களைப் பாத்துட்டுப் போங்க

"எஸ்விஎன் பழசாயிடுச்சுப்பா, கிட்டுக்கு மாறிடலாம்"னு டீம்ல ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், அடுத்த வாரமே மாறிடுவாங்க. (ரெண்டும் ஃபைல்ல யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வச்சுக்கற வெர்ஷன் கண்ட்ரோல் டூலுங்க.) கிட்டை குறை சொல்ல வரல, இன்னைக்கு பெரும்பாலான ப்ராஜெக்ட்டுக்கு அதான் சரிப்படும். ஆனா ரெப்போக்குள்ள, அதாவது ப்ராஜெக்ட் ஃபைலும் அதோட பழைய பதிவும் இருக்கற கிடங்குக்குள்ள, என்ன கிடக்குன்னு பாக்காமலே முடிவெடுக்கறாங்க பாருங்க, அங்கதான் வினை.

முன்னாடி நான் இருந்த டீம்ல ஒரு மொபைல் கேம் பண்ணோம். கோடு கொஞ்சம்தான், மீதி எல்லாம் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்), த்ரீடி மாடல், ஆடியோ. எஸ்விஎன்ல ஆர்ட்டிஸ்ட் ஃபைலை லாக் போட்டுட்டு உக்காந்து வேலை பாப்பாரு, அவரு எடுக்கற வரைக்கும் வேற யாரும் அதுல கமிட் பண்ண, அதாவது மாத்தினதைப் பதிய, முடியாது. கிட்டுக்கு வந்த மறுவாரமே ரெண்டு பேரு ஒரே பிஎஸ்டியை மாத்தி வச்சிருந்தாங்க, கோடுன்னா உக்காந்து ரெண்டு பேரு மாத்தினதையும் மெர்ஜ் பண்ணி ஒண்ணாக்கிடலாம், படத்தை எப்படி பண்றது, ஒருத்தரோட ரெண்டு நாள் உழைப்பு அப்படியே குப்பைக்குப் போச்சு. அதுபோக கிட்ல சாதாரணமா க்ளோன் அடிச்சா (ரெப்போவை நம்ம மெஷினுக்கு இறக்கினா) அந்த பிஎஸ்டியோட பழைய வெர்ஷன் மொத்தமும் சேந்து இறங்கும், புதுசா சேந்த பையன் காலைல ஆரம்பிச்சு சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தான். கிட் ரெப்போவை வைக்கற கிட்ஹப் சைட்ல 100 எம்பிக்கு மேல ஒரு ஃபைல் இருந்தா புஷ்ஷே ஆகாது, மேல ஏறாது. இதுக்குன்னு பெரிய ஃபைலைத் தனியா வச்சுக்கற கிட் எல்எஃப்எஸ் இருக்கு, லாக் வசதியும் அதுல உண்டு, ஆனா முதல் நாளே போட்டுடணும். பாதில முழிச்சுக்கிட்டு பழசையும் அதுக்குள்ள கொண்டு வரணும்னா ஹிஸ்டரியையே திருத்தி எழுதணும், அப்புறம் எல்லாரும் மறுபடி க்ளோன். கேம் கம்பெனிங்க நிறைய பேரு இன்னும் காசு குடுத்து பெர்ஃபோர்ஸ்ங்கற வேற டூலை வச்சிருக்கறது சும்மா இல்லங்க.

இன்னொண்ணு, டேபிள் போட்டு டிக் அடிச்சு டூல் தேர்ந்தெடுக்கறது. பைத்தான் மொழியை உருவாக்கற ஆளுங்க 2009-ல பஜார், கிட், மெர்க்யூரியல்னு இதே மாதிரி டூல் மூணையும் அலசி மெர்க்யூரியலை எடுத்தாங்க, 2011-ல அதுக்கு மாறினாங்க, 2017-ல கிட்ஹப்புக்கே போயிட்டாங்க. மெர்க்யூரியல் மோசமா என்ன, என்னைக் கேட்டா கமாண்டு எல்லாம் கிட்டை விட தெளிவு. ஆனா கோடு அனுப்பறவங்க, ரிவியூ பண்றவங்க எல்லாம் கிட்ஹப் பக்கம் இருந்தாங்க. கிட்ஹப் மாதிரியே கோடு வைக்கற சைட்டான பிட்பக்கெட்டும் 2020-ல மெர்க்யூரியலுக்கு கதவை சாத்திடுச்சு.

லைசென்ஸையும் படிங்க. லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கர்னலுக்கு பிட்கீப்பர்ங்கற வெர்ஷன் கண்ட்ரோல் டூலை இலவசமா குடுத்துட்டு இருந்தாங்க, 2005-ல அது நின்னு போச்சு, லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் உக்காந்து கிட்டை எழுதிட்டாரு. நம்ம டீம்ல அப்படி எழுத யாரு இருக்கா?

மாறும்போது ஆத்தர் ஃபைல் ஒண்ணு தயார் பண்ணிக்கோங்க, எஸ்விஎன்ல வெறும் யூசர்நேம்தான் இருக்கும், பேரு மெயில் ஐடி எல்லாம் நாமதான் பொருத்தணும். பழைய கமிட்ல பாஸ்வேர்டு ஏதாவது மாட்டியிருக்கான்னும் தேடுங்க, இல்லன்னா அது ஒவ்வொருத்தர் லேப்டாப்புக்கும் காப்பியாகிடும். முக்கியமா, பழைய சர்வரை அன்னைக்கே ரீட்-ஒன்லி ஆக்கிடுங்க. நாங்க விட்டுட்டோம், ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா ஒருத்தர் மட்டும் இன்னும் எஸ்விஎன்லயே கமிட் பண்ணிட்டு இருக்காரு, "ஏங்க யாருமே அப்டேட் பண்ண மாட்டேங்கறீங்க"னு எங்களையே கேக்கறாரு.