கண்காட்சித் திகதியை எண்ணெயிடம் கேளுங்கள்

கொழும்பில் ஒயில் பெயின்டிங் செய்கிறவரிடம் "அடுத்த கண்காட்சி எப்போது?" என்று கேட்டால், கலரியில் இடம் கிடைத்த திகதியைத்தான் சொல்வார். மண்டபம் பதிவாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது, இனி உட்கார்ந்து வரைய வேண்டியதுதான் பாக்கி. அக்ரிலிக்கில் வரைகிறவருக்கு இந்தக் கணக்குச் சரிவரும். ஒயிலில் வரைகிறவரைக் கடைசி வாரத்தில் கவிழ்த்துவிடும். அக்ரிலிக்கில் இருப்பது தண்ணீர். அது ஆவியாகிப் போனால் வேலை முடிந்தது. ஒயில் நிறத்தில் இருப்பது ஆளிவிதை எண்ணெய். அது ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. சில படங்களுக்கு ஒரு கிழமை போதும், சிலவற்றுக்கு மாதக்கணக்காகும். எதை வரைவது, எப்போது வரைவது, எந்த மாதம் சுவரில் மாட்டுவது என்று எல்லாவற்றையும் இந்த வேகத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடாததுதான், என் பார்வையில், மற்றப் பிழைகளுக்கெல்லாம் மூத்த பிழை.

பெரிய விஷயத்துக்காகக் காத்திருப்பது

"இன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று பிரஷைக் கீழே வைக்கிறவர்கள் பெரும்பாலும் ஏதோ பெரிய விஷயத்துக்காகக் காத்திருக்கிறார்கள். சிகிரியாவுக்குப் போக வேண்டும், நுவரெலியாவுக்குப் போக வேண்டும், ஆடிவேல் வர வேண்டும். பிறகு எல்லோரும் வரைகிற படத்தையே வரைந்துகொண்டு வருவார்கள்: காலிமுகத்திடலில் சூரிய அஸ்தமனம், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண். (அந்தச் சிரிப்பை மலையகத்தில் யார் கண்டார்களோ, கொழும்புக் கடைச் சுவர்களில் மட்டும் கூடை கூடையாகக் கிடைக்கிறது.)

ஐவன் பீரிஸைப் பாருங்கள். 1943இல் தொடங்கிய, இலங்கையின் நவீன ஓவியர்களின் 43 குழுவில் ஒருவர். 1921இல் பிறந்து தெஹிவளைக் கடலோரத்தில் வளர்ந்தவர். 1950களில் இங்கிலாந்துக்குப் போய், 1988இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தது அந்தக் கடற்கரையைத்தான்: மணல், மரங்கள், பேசாமல் நிற்கும் மனிதர்கள். கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் அதே குழுவின் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடுதான் இன்று சபுமல் பவுண்டேஷன். 43 குழுவினரின் படங்களைப் பக்கத்தில் நின்று பார்க்க நல்ல இடம். ஒருமுறை போய்வந்தால் வரைய ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வராது.

நடந்து போகிற தூரத்தில் ஓர் இடத்தைப் பிடித்து, அங்கேயே திரும்பத் திரும்பப் போங்கள். வெள்ளவத்தையில் இருக்கிறவருக்கு ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதையும் கடலும். கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் வாசலில் மெழுகுதிரி. இதுவும் வேண்டாம், காலையில் மீன் விற்கிறவரின் பலகை போதும். அறக்குளா வெள்ளி நிறம்தானே என்று வெள்ளையையும் கறுப்பையும் கலந்து சாம்பல் பூசுவார்கள். மீன் இரண்டாம் முறை செத்துப்போகும். கிட்டப்போய்ப் பாருங்கள். கீழே விரித்த நீலப் பொலித்தீன் வயிற்றில் பட்டு அது நீலமாகத் தெரியும். முதுகில் பச்சை கலந்த கருமை. வெட்டிய இடத்துச் சிவப்பு அந்த நீலத்துக்குள் கசிந்து ஒரு விரலகலத்துக்கு ஊதாவாகும். மேலே கடைத் தாழ்வாரத் தகரத்திலிருந்து வருகிற வெளிச்சம் முள்ளோரம் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு போடும்.

இதையெல்லாம் போனில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து வரையலாமே என்றால், அங்கேதான் அடுத்த சறுக்கல். போன் தன்பாட்டில் நிழலை வெளிச்சமாக்கும், வானத்தின் கூச்சத்தைக் குறைக்கும், முகத்தை மெழுகும். கொழும்பில் முற்பகல் பதினொரு மணிக்குக் கண் கூசுகிற அந்த வெயில் எந்தப் போட்டோவிலும் இருக்காது. வடிவத்துக்குப் போட்டோ இருக்கட்டும். நிறத்துக்கு ஒரு சின்ன அட்டையில் பத்து நிமிடப் படம் போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் கொப்பியில் எழுதுங்கள்: "மழைக்குப் பிறகு கடல் நீலமில்லை, ஈயப் பச்சை, தண்டவாளம் கடலைவிட வெளிச்சம், சல்லிக்கல் எல்லாவற்றையும்விட இருட்டு." மூன்று மாதம் கழித்துப் பெரிய கன்வஸுக்கு முன்னால் நிற்கும்போது நூறு போட்டோவைவிட இந்த ஒரு வரி உதவும்.

வடக்கு ஜன்னல்

ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும்: ஓவியர் வடக்கு ஜன்னலுள்ள அறையைத் தேட வேண்டும், அதில் நேரடி வெயில் விழாது. பாரிசுக்கும் லண்டனுக்கும் அது சரி. கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதற்பகுதியில் சூரியன் நம் உச்சிக்கு வரும். அதன்பின் செப்டெம்பர் தொடக்கம்வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கத்தில்தான். புத்தகத்தை நம்பி வடக்கு அன்னெக்ஸுக்குக் கூடுதல் வாடகை கொடுத்தவருக்கு மே, ஜூனில் வெயில் சாய்ந்து அறைக்குள் வரும். எந்தத் திசை ஜன்னலானாலும் வெள்ளைத் துணித் திரை ஒன்று போட்டு வெயிலைப் பரப்பிவிடுங்கள். அந்தக் காசுக்கு நல்ல நிறம் வாங்கலாம்.

எண்ணெயோடு அவசரப்படுவது

கண்காட்சிக்கு ஆறு கிழமை இருக்கையில் நடக்கிற தவறுகள்தான் பிறகு வெடிப்பாக வெளியே வரும். முதலாவது, கீழே கொழுத்த பூச்சு, மேலே மெலிந்த பூச்சு. எண்ணெய் அதிகமுள்ள அடிப்பூச்சு உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்க, டர்பன்டைன் கலந்த மேற்பூச்சு சீக்கிரம் காய்ந்து விறைத்துவிடும். கீழே இருப்பது அசைய, மேலே இருப்பது அசையாது, கீறல் விழும். அடியில் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூட என்பது பழைய விதி. அவசரத்தில் எல்லோரும் மறக்கிறது இதைத்தான், ஏனென்றால் கடைசி நாட்களில் சீக்கிரம் காயட்டும் என்று மேற்பூச்சில்தான் டர்பன்டைனை ஊற்றுவார்கள்.

காய்வதை விரைவாக்கும் ட்ரையரைக் கூட்டி ஊற்றுவதும் அப்படித்தான். அளவு மீறினால் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும், உள்ளே பசையாகவே இருக்கும். வேகம் வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்தே அல்கைட் மீடியம் (சீக்கிரம் காயும் பிசின் கலவை) கலந்து வரையுங்கள். மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் தொடக்கூடியதாகும். ஆளிவிதை எண்ணெய் விலை ஏறிவிட்டதே, வீட்டில் இருக்கிற எண்ணெய் ஏதாவது சரிவருமா என்று கேட்பவர்களும் உண்டு. தேங்காயெண்ணெய் எந்தக் காலத்திலும் காயாது. பேச்சுக்கே இடமில்லை.

எல்லா நிறமும் ஒரே வேகத்தில் காய்வதில்லை என்பதைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் நிறையப் பேர். அம்பர் போன்ற மண்நிறங்கள் சீக்கிரம் காயும். ஐவரி பிளாக்கும் கட்மியம் சிவப்பும் இழுத்தடிக்கும். ஆகவே கறுப்பும் சிவப்பும் தடிப்பாக வேண்டிய படங்களை முதலில் முடியுங்கள். மண்நிறப் படங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் கறுப்பை அடிப்பூச்சாகத் தடித்துப் பூசி அதன் மேல் கட்டுவதும் வேண்டாம். பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் மங்கும். அதே சாயலில் நிலைக்கிற மாற்று நிறங்கள் கிடைக்கின்றன, டியூபைத் திருப்பி நிறமியின் குறியீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். சின்க் வைட்டை மட்டும் நம்பி முழுப் படம் வரைந்தால் ஆண்டுகள் போகப் போக அது நொறுங்கும் தன்மை அடையும்.

வார்னிஷ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்காட்சிக்கு முதல் நாள் மினுமினுப்புக்காக இறுதி வார்னிஷ் பூசுவது இங்கே சர்வசாதாரணம். வழக்கமான வார்னிஷுக்குப் படம் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை காய்ந்திருக்க வேண்டும். தடித்த பூச்சென்றால் இன்னும் அதிகம். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமில்லை. தடித்த இடத்தில் நகத்தை மெல்ல அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் உள்ளே இன்னும் மெதுமெதுப்பு. முன்னதாகவே பூசக்கூடிய புதிய வார்னிஷ்களும் உண்டு, போத்தலில் எழுதியிருக்கும். அவற்றுக்கும் இந்த நகச் சோதனையில் படம் தேற வேண்டும். சில இடங்கள் மினுங்கி, சில இடங்கள் மங்கி உயிரில்லாமல் கிடப்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால், அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் துளி எண்ணெயைத் தடவி, உடனே சுத்தமான துணியால் துடைத்தெடுங்கள். அல்லது தற்காலிகப் பூச்சான ரீடச்சிங் வார்னிஷை மிக மெல்லிதாகப் பூசுங்கள். கண்காட்சிக்கு அது போதும்.

அந்தத் துணியை மறந்துவிட வேண்டாம். எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கி மூலையில் குவித்து வைத்தால் ஒட்சிசனேற்றத்தின் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள்.

முடித்த படங்களைச் சுவரைப் பார்க்கத் திருப்பி அடுக்கிவைப்பது இன்னொரு பழக்கம். இருட்டில் வைத்த ஒயில் படம் மஞ்சளாகும் (வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளியும்). ஒக்டோபர், நவம்பர் மழையில் சுவரோடு ஒட்டியிருக்கும் கன்வஸின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். விலங்குப் பசை பூசித் தயாரித்த துணியானால் நிச்சயம்; அது ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்குச் சாப்பாடும் போடும். நம் ஊருக்கு அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசிய கன்வஸே நல்லது. சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டு, படங்களுக்கிடையே சின்னக் கட்டைகள் வைத்து, காற்றோடும்படி நிறுத்துங்கள். கடலோர ஒழுங்கைகளில் உப்புக் காற்று சாதாரண ஆணியைத் துருவேற்றிக் கன்வஸில் கபிலக் கறை போடும். துருப்பிடிக்காத ஸ்டேப்பிள் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெப்ரவரியில் கண்காட்சி என்றால், இறுதி வார்னிஷ் வேண்டிய படங்கள் முந்தைய வருடம் ஜூலைக்குள் முடிந்திருக்க வேண்டும். தடித்த படங்கள் செப்டெம்பரோடு நிற்கட்டும். மழை மாதங்களில் மெல்லிய பூச்சு மட்டும். கடைசிச் சின்னப் படங்கள் டிசம்பருக்குள். ஜனவரியில் பிரேம், போட்டோ, பெயர்ப்பலகை. ஜனவரியிலும் வரைந்துகொண்டிருந்தால் ஈரப் படத்தைத்தான் ஓட்டோவில் ஏற்றுவீர்கள்.

சுவரும் சந்தையும்

இடத்தை முதலில் போய்ப் பாருங்கள். 1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் கலையரங்கின் கலரியும், ஹோர்டன் பிளேசில் உள்ள ஜே.டி.ஏ. பெரேரா கலரியும் வேறு வேறு அளவு, வேறு வேறு வெளிச்சம். அளவு நாடாவோடு போங்கள். 40 அடிச் சுவர் இருக்கிறதென்றால் 3 அடிப் படம் பதின்மூன்று மாட்டலாம் என்று மனம் சொல்லும். படத்துக்குப் படம் ஒன்றரை அடி இடைவெளி விட்டால் ஒன்பதுதான். இருக்கிறதையெல்லாம் மாட்ட வேண்டும் என்று நெருக்கினால், பார்க்கிறவர் எதையும் பார்க்காமல் பிளேன்டீ மேசைக்குப் போய்விடுவார். உயரமும் பிழைக்கிறது: நம் வீடுகளில் சாமிப்படம் மாட்டுகிற உயரத்துக்கே கை போகும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றரில் வரட்டும்.

ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1993 முதல் நடக்கிற கலா பொல வேறு வகை. ஒரு நாள் தெருச் சந்தை, திறந்தவெளி, வெயில். கலரிக்கு வைத்திருக்கிற பெரிய படங்களை அங்கே கொண்டுபோய் வெயிலில் வாட்டாதீர்கள். கையில் தூக்கிப் போகக்கூடிய சின்னப் படங்கள், காய்ந்தவை, மழைக்கு ஒரு பொலித்தீன் உறை. வந்தவர் வாங்காவிட்டாலும் போன் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கலரிக் கண்காட்சிக்கு அழைக்க அதுதான் பட்டியல்.

திகதிக்கு: ஏப்ரல் நடுப்பகுதி வேண்டாம், ஊரே புத்தாண்டுக்குப் போயிருக்கும். வெசாக் வாரம் வேண்டாம். போயாவோடு சேர்ந்த நீண்ட வார இறுதிகளில் கொழும்பு காலி. தமிழ் வாங்குநர்களை எதிர்பார்த்தால் ஜூலை, ஓகஸ்ட், அல்லது டிசம்பர் கடைசி. கனடா, லண்டன் உறவுகள் வருகிற காலம். அழைப்பிதழும் பெயர்ப்பலகையும் ஆங்கிலத்தில் மட்டும் போட்டுவிட்டு "தமிழாக்கள் வருவதில்லை" என்று குறைப்படுவது நியாயமில்லை. மூன்று மொழியிலும் போடுங்கள், பெரிய செலவில்லை.

வரையும்போது எவ்வளவு அழுதீர்கள் என்று பார்த்து விலை போடாதீர்கள். மனதுக்கு நெருங்கிய படத்துக்கு ஒன்றரை மடங்கும் அதே அளவுள்ள பக்கத்துப் படத்துக்குப் பாதியும் போட்டால் வாங்குகிறவர் குழம்புவார். அளவை வைத்து ஒரு விலைமுறை வையுங்கள். கலரியின் பங்கு எவ்வளவு, அது விலைக்குள்ளா வெளியா, விளக்குக்கும் காவலுக்கும் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். கலரியில் ஒரு விலை, வீட்டுக்கு வந்தால் குறைந்த விலை என்பது ஒரு கண்காட்சிக்குத்தான் ஓடும். அடுத்த முறை கலரி கதவைத் திறக்காது.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர் "சுருட்டித் தாங்கோ" என்பார். வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி, அகலமான குழாயில் சுருட்டுங்கள்; உள்ளே வைத்துச் சுருட்டினால் பூச்சு நசுங்கி மடிப்பு விழும். அதுவும் நன்றாக இறுகிய படத்தைத்தான். விற்கிற ஒவ்வொரு படத்தின் முதுகிலும் முடித்த திகதியையும், இறுதி வார்னிஷ் பூசியதா இல்லையா என்பதையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பூசாதது என்றால் எப்போது திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, கொழும்பில் இருக்கிறவருக்கு அந்த வார்னிஷை இலவசமாகப் பூசிக்கொடுங்கள். திரும்பி வருகிறவர்களில் சிலர் அன்றைக்கே இன்னொரு படத்துக்கும் விலை கேட்பார்கள்.