பாஸ்மாருக்கு ஒரு கலந்துரையாடல் வட்டம்

பிலடெல்பியாவில் அச்சுத்தொழில் செய்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1727இல் தொடங்கிய ‘ஜுன்டோ’, கண்ணாடி பொருத்துபவரும் தச்சரும் வெள்ளி இரவுகளில் கூடிய வட்டம். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ மேசன், தையல், கராஜ் வேலை செய்யும் பாஸ்மாரும் (கைவினைத் தொழிலாளர்களும்) அப்படிக் கூடலாம்.

ஜுன்டோவினரைப் போலவே 12 பேரோடு நிறுத்துங்கள். ஒரே தொழிலில் இருவர் போதும். அதற்கு மேல் இருந்தால் தொழில் போட்டியில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். போயா தினம் பின்னேரம் 3 மணி நல்லது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்தமுறை வருவது கஷ்டம்.

உயிர்நாடி கேள்விதான். முந்திய கூட்டத்திலேயே கொப்பியில் எழுதிக்கொடுங்கள். “தொழில் முன்னேற்றம்” என்றால் பேச்சு அலையும், “தாங்குசுவரில் தண்ணீர் வடியும் துளையை எங்கே வைப்பது?” என்றால் மேசன் பாஸ் எழுந்து சுண்ணக்கட்டியால் வரைந்தே காட்டுவார். ஒருவர் 10 நிமிடம் பேசட்டும், பிறகு மற்றவர்கள் கேட்கட்டும். நேருக்கு நேர் மறுத்துப் பேசினால் ஜுன்டோவில் சிறு அபராதம். இங்கே பிளேன்டிச் செலவை ஏற்கச் சொல்லலாம்.

புத்தகங்களைப் பொதுவில் வைத்தால் பொறுப்பாளர் ஒருவரும் இரவல் பதிவும் கட்டாயம். ஜுன்டோவினர் சேர்த்த புத்தகங்கள் கவனிப்பின்றி, ஏறக்குறைய ஓராண்டில் அவரவர் வீட்டுக்கே திரும்பின. அதன்பின்தான் 1731இல் சந்தா நூலகம் பிறந்தது.