வாக்காளர் சேர்ப்புப் பணியில் இளைஞர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு முகாம் முடிந்ததும் "இன்று இருநூறு படிவங்கள்" என்று படத்துடன் அறிவிக்கும் குழுக்கள், அந்த இருநூறில் எத்தனை பெயர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறின என்று கேட்டால் பெரும்பாலும் விழிக்கின்றன. செங்கல் சூளை, நரிக்குறவர் குடியிருப்பு, நடைபாதை என்று விடுபட்டவர்களைத் தேடிச் செல்லும் இளைஞர்களின் உழைப்பு இந்த இடைவெளியில்தான் வீணாகிறது.

வந்தவர் எல்லோருக்கும் படிவம் 6ஐ நீட்டுவது மிகப் பரவலான தவறு. அது முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவருக்கு மட்டுமே உரியது. ஏற்கெனவே பெயர் உள்ளவர் வீடு மாறினாலோ பிழை திருத்த விரும்பினாலோ படிவம் 8தான். கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பிறந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று விசாரிக்காமல் படிவம் 6ஐ நிரப்பிக் கொடுத்தால், வேறெங்கும் தன் பெயர் இல்லை என்ற தவறான உறுதிமொழியின் கீழ் அவர் கையெழுத்திட நேர்கிறது. தெரிந்தே பொய் உறுதிமொழி தருவோருக்கு 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 31ஆம் பிரிவில், ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. அதற்கு அவர் விளக்கம் சொல்ல வேண்டிய நாளில் படிவம் நிரப்பிய தன்னார்வலர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

நிரப்பிய படிவங்களைக் கட்டாகக் கட்டி ஒரே ஆள் கொண்டுபோய்க் கொடுப்பதும் பயன் தராது. ஒரு குடும்பத்தினரின் படிவங்களை அக்குடும்பத்தில் ஒருவர் தரலாமே தவிர, தனிநபரோ அமைப்போ மொத்தமாகத் தரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படுவதில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலரையே ஒரு மாலையில் குடியிருப்புக்கு அழைத்து வருவது நல்லது.

ஆவணங்களில் நம் ஊருக்கே உரிய சிக்கல் இனிஷியல். ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்தும் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்தும் இருக்கும். கதவில் பழைய எண், புது எண் இரண்டும் எழுதியிருக்கும். எதை எழுதுவது என்பதை அங்கேயே பேசி முடிவு செய்யாவிட்டால், சரிபார்ப்புக்கு வருபவர் "அப்படி யாரும் இல்லை" என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். முகவரிச் சான்று இல்லையென்று நடைபாதைவாசிகளைத் திருப்பி அனுப்புவது இன்னும் மோசம்: அலுவலர் இரவில் நேரில் சென்று, அவர்கள் அங்கே உறங்குவதை உறுதிசெய்து சேர்க்கத் தேர்தல் ஆணைய நெறிமுறையிலேயே வழி உண்டு.

கூட்டத்தை எங்கே போடுகிறோம் என்பதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சிகளில், 1996 முதல் வேட்புமனுவே இல்லாமலும், வென்றவர் உடனே பதவி விலகியும், தேர்தல் பொருளற்றுக் கிடந்து, 2006இல்தான் முறையாக நடந்தது. பட்டியலில் பெயர் இருந்தும் உரிமை இல்லாத நிலை அது. ஊர்ச் சாவடியிலோ கோயில் திடலிலோ கூட்டம் வைத்தால் காலனி மக்கள் மரியாதைக்கு வந்து ஓரமாக நிற்பார்கள். தங்கள் குறையைச் சொல்லமாட்டார்கள். காலனிக்குள்ளேயே, வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் வைக்க வேண்டும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும் கைவிடுவது கடைசித் தவறு. வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவை எதிர்த்து 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். வரைவுப் பட்டியல் வந்த அன்றே அதைத் தெருவில் உரக்கப் படித்துக் காட்டினால், யார் விடுபட்டார், செத்தவர் யார் பெயர் இன்னும் இருக்கிறது என்பதைக் கூடியிருக்கும் கிழவிகளே சொல்லிவிடுவார்கள்.