சி.சுப்பிரமணியம் பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி?

சி.எஸ். என்ற சி.சுப்பிரமணியம் பற்றி எழுதச் சொன்னால் பலரும் பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910-ல் பிறந்தார் என்று தொடங்கி 1998-ல் பாரத ரத்னா வாங்கினார் என்று முடித்துவிடுகிறார்கள். பிறப்பும் விருதும் ஆளுக்கு ஒரு வரி போதும். மையம், அவர் மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழி போட்ட 1964 முதல் 1967 வரைதான், பாதிக் கட்டுரையை அதற்கே கொடுங்கள்.

முதலில் அன்றைய நிலைமையைச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 என்ற உணவு உதவிச் சட்டத்தின்கீழ் கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் என்ற காலம் அது, அந்த நேரத்தில் பிரதமர் சாஸ்திரி இவரிடம் உணவு, விவசாயத் துறையைக் கொடுத்தார். அப்புறம் அவர் செய்ததை விலை, கொள்முதல், விதை என்று பிரித்து எழுதுங்கள். 1965-ல் விவசாய விலைக் குழு வந்தது, அதே ஆண்டு பொங்கலை ஒட்டி இந்திய உணவுக் கழகம் தொடங்கியது, அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான். விளைந்ததைக் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்க ஆள் இருந்தால்தானே விவசாயி புது விதையைத் துணிந்து போடுவான்? இந்த வரிசை புரியாமல் விதையை மட்டும் எழுதினால் கட்டுரை நிற்காது.

விதைக் கதையை விரிவாகவே எழுதலாம். 1966-ல் மெக்சிகோவிலிருந்து அதிக விளைச்சல் தரும் கோதுமை விதை 18,000 டன் இறக்குமதி செய்ய அவர் முடிவெடுத்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது, டெல்லியில் தன் பங்களாப் புல்வெளியிலேயே கோதுமை போட்டுக் காட்டினார். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனையும் வேளாண் செயலாளர் பி.சிவராமனையும் விட்டுவிடாதீர்கள், இது தனி ஆள் சாதனை இல்லை. வறட்சி ஆண்டான 1965-66-ல் சுமார் 1 கோடி டன்னாக இருந்த கோதுமை 1967-68-ல் சுமார் 1.65 கோடி டன் ஆனது. ஆனால் அந்த அறுவடைக்கு முன்பே, 1967 தேர்தலில், கோபிசெட்டிபாளையத்தில் அவர் தோற்றுவிட்டார். இதை மறைக்காமல் எழுதுங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொழுந்துவிட்டெரிந்த 1965-ல் அவர் ராஜினாமா கடிதம் கொடுத்ததையும் சேருங்கள்.

உரம், பூச்சிமருந்து, நிலத்தடி நீர் பற்றிய விமர்சனங்களுக்குக் கண்டிப்பாக ஒரு பத்தி வேண்டும், எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு, அதனாலேயே சொல்கிறேன். அதற்கு இணையத்தை மட்டும் நம்பாமல் ஊரில் எழுபது வயது தாண்டிய விவசாயிகளிடம் போய், அதிக விளைச்சல் நெல் ரகமான ஐ.ஆர்.8 முதலில் எப்போது போட்டீர்கள், மூட்டை எத்தனை கண்டது, யூரியா எவ்வளவு போட்டீர்கள், கிணற்றில் அன்று தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.