உங்கள் பேஸ்பால் அணியின் சீசனை எடைபோடுவது எப்படி: சியாட்டில் மரைனர்ஸை முன்வைத்து

2025 அக்டோபர் 20ஆம் தேதி இரவு, டொரன்டோவில் நடந்த அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஏழாவது இன்னிங்ஸில் டொரன்டோ பேட்டிங் செய்ய வந்தபோது சியாட்டில் மரைனர்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. 1977இல் ஆடத் தொடங்கிய இந்த அணி வேர்ல்ட் சீரிஸ் எனும் இறுதித் தொடரை ஒருமுறைகூட எட்டியதில்லை. இன்னும் எட்டுப் பேரை அவுட்டாக்கினால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்ற வேளையில் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி அடித்த மூன்று ரன் ஹோம் ரன் ஆட்டத்தைப் புரட்டிப்போட்டது. 4-3 என்ற கணக்கில் தோற்றோம். அணி மேலாளரையும் பந்தெறியும் பிட்ச்சர்களையும் பற்றி அன்றிரவே என் நோட்டில் இரண்டு பக்கம் எழுதிவைத்தேன். ஒரு வாரம் கழித்துப் படித்தபோது, ஒரே ஒரு கருத்தைத் தவிர மற்ற எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. தோற்ற இரவில் எழுதும் தீர்ப்பில் சீசனின் 162 ஆட்டங்கள் இருப்பதில்லை, கடைசி ஆட்டம் மட்டுமே இருக்கிறது. அணியின் சீசனையும் வீரர் பட்டியலையும் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பும் ரசிகர் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைப் பல ஆண்டுகளாக இந்த அணியைப் பின்தொடர்ந்து கற்றுக்கொண்ட அளவில் இங்கே சொல்கிறேன்.

முதலில், வெற்றி தோல்விக் கணக்கைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ரன் கணக்கைப் பாருங்கள். இதற்கு மரைனர்ஸைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2021இல் இந்த அணி 90 ஆட்டங்களில் வென்று 72இல் தோற்றது; 2022இலும் அதே 90-72. பட்டியலில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 2021இல் அணி எடுத்தது 697 ரன்கள், கொடுத்தது 748. அதாவது 51 ரன் பற்றாக்குறையோடு 90 வெற்றி. 2022இல் எடுத்தது 690, கொடுத்தது 623. அதாவது 67 ரன் மிச்சம். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்த எளிய வாய்பாடு ஒன்று உண்டு. எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். 697இன் வர்க்கம் சுமார் 4,86,000. 748இன் வர்க்கம் சுமார் 5,60,000. கணக்கிட்டால் 46.5 சதவீதம் வருகிறது, அதாவது 162 ஆட்டங்களில் 75 வெற்றி. அணிக்குக் கிடைத்ததோ அதைவிடப் பதினைந்து அதிகம். அதே வாய்பாட்டை 2022க்குப் போட்டால் 89 வெற்றி வருகிறது. அந்த ஆண்டு அணி தன் தகுதிக்கு உரியதைத்தான் பெற்றது.

அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 2021 அணி 33 வென்று 19 மட்டுமே தோற்றிருப்பது தெரியவரும். கடைசி இன்னிங்ஸ்களில் எறியும் பிட்ச்சர்கள் திறமையாக இருந்தால் இத்தகைய ஆட்டங்களில் கொஞ்சம் அனுகூலம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி காற்று வாக்கில் வந்தது. அடுத்த ஆண்டும் வரும் என்று நம்பி வீட்டுக் கடன் வாங்க முடியாது. அணி நிர்வாகமும் அதை நம்பவில்லை என்பதை அந்தக் குளிர்காலத்திலேயே பார்த்தோம். ராபி ரேவை ஒப்பந்தம் செய்தார்கள், சின்சினாட்டியிலிருந்து எயுஹெனியோ சுவாரஸை வாங்கினார்கள், 2022 ஜூலையில் அதே அணியிடமிருந்து லூயிஸ் காஸ்டியோவையும் கொண்டுவந்தார்கள். 90 வெற்றி பெற்ற அணியை எதற்குக் கலைக்கிறார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். ரன் கணக்கைப் பார்த்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழவில்லை.

ஒவ்வொரு மாத முடிவிலும் எடுத்த ரன், கொடுத்த ரன் என்று இரண்டு எண்களை மட்டும் குறித்துவையுங்கள். ஐம்பது ஆட்டங்கள் ஆகும்வரை அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம், ஏனெனில் ஒரே நாளில் 15 ரன் வித்தியாசத்தில் தோற்ற ஆட்டம் ஏப்ரல் மாதக் கணக்கை முழுவதுமாகக் கோணலாக்கிவிடும்.

அடுத்தது மைதானம். கிரிக்கெட்டில் ஆடுகளத்தைப் பற்றிப் பேசாமல் ஸ்கோரைப் பற்றிப் பேச மாட்டோம். பேஸ்பாலில் மட்டும் ஏனோ பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 1999 ஜூலையில் திறக்கப்பட்ட சியாட்டில் மைதானம், இன்றைய பெயரில் டி-மொபைல் பார்க், பேட்டர்களுக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டாத இடம். நகரம் கடல் மட்டத்தில் இருக்கிறது, வசந்த கால இரவுகள் குளிரும் ஈரமுமாக இருக்கும், அந்தக் காற்றில் பந்து தூரம் போவதில்லை. மைதானத்தின் கூரையை மூடினாலும் பக்கங்கள் திறந்தே இருப்பதால் குளிர் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கும். ஏப்ரல் இரவொன்றில் இடப்பக்க மேல் வரிசையில் அமர்ந்திருந்தபோது, மட்டையில் பட்ட ஓசையை வைத்தே ஹோம் ரன் என்று முடிவுகட்டி எங்கள் வரிசை முழுவதும் எழுந்து நின்றது; அருகிலிருந்த தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஊதிக்கொண்டு போனது; எதிரணியின் ஃபீல்டரோ பின்பக்கமாக நான்கு எட்டு வைத்து, வேலிக்கு வெகு முன்னாலேயே நின்று, கையுறையைத் தூக்கிப் பந்தைப் பிடித்தார். எழுந்த வேகத்திலேயே அத்தனை பேரும் உட்கார்ந்தோம். அதே அடி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கும் டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் பார்வையாளர் மடியில் போய் விழுந்திருக்கும்.

ஆகவே சியாட்டில் பேட்டரைக் குறைசொல்லும் முன் அவர் வெளியூர் மைதானங்களில் எப்படி ஆடினார் என்று பாருங்கள். சியாட்டில் பிட்ச்சரைப் புகழும் முன்னும் அதையே செய்யுங்கள். இந்தத் திருத்தத்தைச் செய்த பிறகும் மிஞ்சும் குறைதான் உண்மையான குறை. 2024இல் மரைனர்ஸின் அணி பேட்டிங் சராசரி .224, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 224 ஹிட். பேட்டர் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாகும் ஸ்ட்ரைக் அவுட்டுகள் 1,625; அமெரிக்கன், நேஷனல் லீக்குகள் இரண்டிலும் அதுவே மிக அதிகம். இதில் ஒரு பங்கை மைதானத்தின் தலையில் கட்டலாம், அத்தனையையும் கட்ட முடியாது. பந்தைத் தொடவே தடுமாறும் பேட்டர்களை ஒரே வரிசையில் அடுக்கியது நிர்வாகத்தின் பிழை என்பது என் உறுதியான கருத்து.

இப்போது வீரர் பட்டியலுக்கு வரலாம். கருத்துச் சொல்ல அதிக இடம் இருப்பதும் அதிகமாகத் தவறு நேர்வதும் இங்கேதான். ஆடும் பட்டியலில் 26 பேர் இருப்பார்கள்; அதில் பிட்ச்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த 26 பேரையும் உள்ளடக்கிய 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. ஒரு தாளில் வீரரின் பெயர், வயது, அணியின் உரிமையில் அவர் இருக்கப்போகும் ஆண்டுகள், அவர் அணிக்கு வந்த வழி ஆகிய நான்கையும் எழுதுங்கள். மூன்றாவது தகவல் மிக முக்கியமானது. பெரிய லீக்கில் ஒருவர் ஆடும் முதல் மூன்று ஆண்டுகளில் அவருடைய சம்பளம் பெரும்பாலும் குறைந்தபட்ச அளவை ஒட்டியே இருக்கும். அதன்பின் மூன்று ஆண்டுகள் சம்பளத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் மன்றத்தின் வழியாகச் சம்பளம் ஏறும். ஆறு ஆண்டுகள் முடிந்ததும் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். எந்த ஆண்டுகளில் உங்கள் அணியின் நல்ல வீரர்கள் மலிவாகக் கிடைக்கிறார்களோ, அந்த ஆண்டுகளில்தான் வெளியிலிருந்து வாங்கப் பணம் மிஞ்சும். அந்தச் சாளரம் வெகுநாள் திறந்திருக்காது.

மரைனர்ஸுக்காக இந்தத் தாளை நிரப்பினால் அணியின் உருவம் உடனே துலங்கும். லோகன் கில்பர்ட் 2018இல், ஜார்ஜ் கிர்பி 2019இல், பிரைஸ் மில்லரும் பிரையன் வூவும் 2021இல் என்று நான்கு தொடக்கப் பிட்ச்சர்களும் ஆண்டுதோறும் நடக்கும் புதிய வீரர் தேர்வில் (டிராஃப்ட்) இந்த அணியே எடுத்து வளர்த்தவர்கள். காஸ்டியோ மட்டும் வாங்கப்பட்டவர். வீட்டுத் தோட்டத்தில் விளைந்த பிட்ச்சிங், சந்தையில் வாங்க வேண்டிய பேட்டிங் என்பதே இந்த அணியின் நிலை. 2024இல் சந்தைக்குப் போகத் தயங்கினார்கள் என்பதுதான் என் பெருங்குறை. அந்த ஆண்டு அணி கொடுத்த ரன் வெறும் 607. ஜூன் 18 அன்று, ஐந்து அணிகள் கொண்ட தன் பிரிவில் 10 ஆட்ட முன்னிலை. ஜூலை முடிவதற்குள்ளேயே அந்த முன்னிலை முழுவதும் கரைந்தது. ஆகஸ்ட் 22 அன்று மேலாளர் ஸ்காட் சர்வைஸை நீக்கிவிட்டு டான் வில்சனை அமர்த்தினார்கள். அவருக்குக் கீழே அணி 21-13 என்று நன்றாகவே முடித்தது, ஆனாலும் 85 வெற்றியோடு, 86 வெற்றியோடு பிளே ஆஃப் சுற்றின் கடைசி இடங்களைப் பிடித்த டெட்ராய்ட்டுக்கும் கன்சாஸ் சிட்டிக்கும் ஒரே ஒரு ஆட்டம் பின்தங்கி வீட்டுக்குப் போனது. எடுத்த 676 ரன்னையும் கொடுத்த 607 ரன்னையும் வாய்பாட்டில் போட்டால் ஏறத்தாழ 90 வெற்றி வருகிறது. அதனால் துரதிர்ஷ்டமும் இதில் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட பிட்ச்சிங் கையில் இருக்கும் ஆண்டில் துரதிர்ஷ்டத்துக்கும் சேர்த்து இடம்விட்டு, கூடுதலாக ஒரு நல்ல பேட்டரை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

2025 இதற்கு மறுபக்கம். கிர்பி, கில்பர்ட், மில்லர் மூவரும் காயத்தால் பல வாரங்கள் விலகியிருந்தார்கள். ஆனாலும் 90 வெற்றியோடு 2001க்குப் பிறகு முதன்முறையாகப் பிரிவில் முதலிடம் பிடித்தோம். காரணம் பேட்டிங். பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் கேல் ராலி 60 ஹோம் ரன் அடித்தார். கேட்ச்சர் ஒருவர் ஒரு சீசனில் அடித்த அதிகபட்சம் அதற்குமுன் சல்வடோர் பெரஸின் 48தான். ஹூலியோ ரோட்ரிகஸ் 32 ஹோம் ரன்னும் 30 ஸ்டீலும் (பந்து அடிக்கப்படாமலே ஓடி அடுத்த பேஸைத் திருடுவது) சேர்த்தார்.

வீரர் பரிமாற்றத்தை மதிப்பிடும்போது இரண்டு தேதிகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்: பரிமாற்றம் நடந்த நாளில் என்ன தெரிந்திருந்தது, பிறகு என்ன நடந்தது. சுவாரஸின் கதை இதற்குப் பொருத்தமானது. சம்பளத்தையும் ஸ்ட்ரைக் அவுட்டுகளையும் எண்ணி 2023 நவம்பரில் அவரை அரிசோனாவுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அன்றே அது தவறு என்று எழுதினேன், ஏனெனில் அவர் இடத்தில் மூன்றாம் பேஸில் ஆட அவருக்கு நிகரான ஆள் அணியில் இல்லை. 2025 ஜூலை இறுதியில் அவரையே திரும்ப வாங்கினார்கள். வந்த பிறகு சியாட்டிலில் அவருடைய சராசரி .189 மட்டுமே. செப்டம்பர் முழுவதும் அவரைத் திட்டாத ரசிகர் இல்லை. ஆனால் டொரன்டோவுடனான ஐந்தாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில் ராலி ஹோம் ரன் அடித்துச் சமன் செய்த பிறகு, பேஸ்கள் நிரம்பியிருக்கும்போது அதே சுவாரஸ் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி 6-2 வெற்றியைத் தந்தார். அந்த ஓர் அடிக்காக அவரைத் திரும்ப வாங்கியது சரி என்று சொல்வதும் தவறு, .189ஐ மட்டும் காட்டி வீண் என்பதும் தவறு. 2025 ஜூலையிலேயே வந்த ஜாஷ் நெய்லரின் கணக்கு தெளிவானது: ஸ்ட்ரைக் அவுட் அரிதாக ஆகும் பேட்டர், இந்த அணிக்குப் பல ஆண்டுகளாக இல்லாதது அதுவே. ஓட்டத்தில் மந்தமானவர் என்றாலும், பிட்ச்சரின் அசைவைக் கூர்ந்து படித்து, சியாட்டிலுக்காக 19 முறை பேஸ் திருட முயன்று 19 முறையும் வென்றார். அந்தக் குளிர்காலத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அவரைத் தக்கவைத்தது மிகச் சரியான முடிவு.

மேலாளரின் முடிவுகளைச் சீசன் கணக்கோடு கலக்காமல், வேறு பக்கத்தில் எழுதுங்கள். ஏழாவது ஆட்டத்தின் அந்த இன்னிங்ஸில் பிரையன் வூ ஒரு 'வாக்'கும் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்) ஒரு ஹிட்டும் கொடுத்திருந்தார். அடுத்த பேட்டர் பந்தை மெல்லத் தட்டிவிட்ட பன்ட் மூலம் இருவரும் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நகர்ந்தார்கள். மேலாளர் வில்சன், எடுவார்ட் பசார்டோவை அழைத்தார். அணியின் தலைசிறந்த பிட்ச்சரான ஆண்ட்ரேஸ் முன்யோஸ் கடைசி இன்னிங்ஸ்களுக்காகக் காத்திருந்தார். பந்து எறியப்படும் முன்பே என் நோட்டில் முன்யோஸ் என்று எழுதியிருந்தேன்; முதல் பத்தியில் சொன்ன, இன்றும் நான் ஏற்கும் ஒரே கருத்து அதுதான். பசார்டோ சீசன் முழுவதும் நம்பகமாக எறிந்தவர், அவரை அழைத்ததில் நியாயம் உண்டு. ஆயினும் ஆட்டத்தின் மிக ஆபத்தான தருணம் ஏழாவது இன்னிங்ஸிலேயே வந்துவிட்டால், மிகச் சிறந்தவரை ஒன்பதாவதுக்கு மிச்சம் வைப்பதில் பொருளில்லை. இத்தகைய கருத்தைப் பந்து எறியப்படும் முன் எழுதியிருந்தால் மட்டுமே கணக்கில் சேருங்கள்.

கடைசியாக, பிப்ரவரியில் அரிசோனாவின் பியோரியாவில் பயிற்சி முகாம் தொடங்கும் முன் அடுத்த சீசனுக்கான உங்கள் கணிப்பை ஒரு பக்கத்தில் எழுதித் தேதியிட்டு வையுங்கள்: அணி எத்தனை ரன் எடுக்கும், எத்தனை கொடுக்கும், எந்த இடம் பலவீனம், யாருக்குக் காயம் வந்தால் அணி தாங்காது. என் பக்கத்தில் முதல் வரி ராலியைப் பற்றியது. 2025இல் அவர் 159 ஆட்டங்கள் ஆடினார்; அவற்றில் பெரும்பாலானவற்றில் முழங்காலை மடித்து அமர்ந்து, ஆட்டத்துக்குச் சுமார் 150 பந்துகளைப் பிடித்தார். அவருடைய ஒப்பந்தம் 2030 வரை இருக்கிறது. ஜூலை இடைவேளைக்குள் அவர் கேட்ச்சராக 65 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருந்தால், இரண்டாவது கேட்ச்சரை வாங்காத குறையை நிர்வாகத்தின் கணக்கில் எழுதுவேன்.