வீட்டு வொர்க்அவுட் வீடியோவுக்கு முன்னும் பின்னும்: வார்ம்-அப், கூல்-டவுனை நாமே சேர்ப்பது எப்படி?

யூடியூபில் கிடைக்கும் இருபது நிமிட வீட்டுப் பயிற்சி வீடியோக்களில் பல, வணக்கம் சொன்ன கையோடு, கைகால் விரித்துக் குதிக்கும் ஜம்பிங் ஜாக்கில் இறங்கிவிடும். கடைசி பர்பீ (தரையில் கை ஊன்றி, காலைப் பின்னால் தள்ளி, திரும்ப எழுந்து குதிப்பது) முடிந்ததும் "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க" என்று பட்டென்று நின்றும் விடும். வீடியோவில் வரும் பயிற்சியாளர் கேமராவை ஆன் பண்ணுவதற்கு முன்பே உடம்பைத் தயார் செய்திருப்பார். நாம் கட்டிலிலிருந்து எழுந்து நேராக அவரோடு சேர்ந்து குதிக்கிறோம். குதித்த ஐந்தாவது நிமிடம் கெண்டைக்கால் பிடிப்பது, முடித்ததும் கண் இருட்டிக்கொண்டு வருவது, இந்த இரண்டும் எனக்கு நின்றது கீழே உள்ள முறைக்கு (முன்னால் உடம்பைச் சூடேற்றும் வார்ம்-அப், பின்னால் மெல்லத் தணிக்கும் கூல்-டவுன்) மாறிய பிறகுதான். மேட் விரிப்பது, தண்ணீர் எடுத்து வைப்பது போன்றவை உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: வீடியோவை உட்கார்ந்து பாருங்கள்

சத்தத்தைக் குறைத்து, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் போதும். எத்தனை நிமிட வீடியோ என்றாலும் அதே ஆறேழு அசைவுகள்தான் திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் "உட்கார்ந்து குதிப்பது", "ஒரு கால் முன்னால்" என்று எழுதினாலும் சரி. கடைசி மூன்று நிமிடத்தையும் பாருங்கள். அங்கே ஸ்ட்ரெச்சிங் இருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்தது.

படி 2: மூன்று நிமிடம் நடை

ஹாலிலிருந்து சமையலறைக்கு, அங்கிருந்து திரும்ப. முதல் நிமிடம் மெதுவாக, அப்புறம் கைவீசி வேகமாக. இடமில்லையென்றால் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி மார்ச்சிங். தசையின் சூடு ஏறும், அதற்குப் போகும் ரத்தம் கூடும், இதயமும் படிப்படியாக வேகம் பிடிக்கும். இந்தப் 'படிப்படியாக' முக்கியம். 1973-இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான ஆண்களை வார்ம்-அப் எதுவுமின்றி டிரெட்மில்லில் சட்டென்று வேகமாக ஓட வைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். பலருக்கும் இதயத் தசைக்கு ரத்தம் போதாததற்கான மாற்றங்கள் தெரிந்தன. முன்கூட்டி வார்ம்-அப் செய்து ஓடியபோது அவை வெகுவாகக் குறைந்தன.

ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் மே மாதம் சும்மா நின்றாலே வியர்க்கும். அதனால் வியர்வையை வைத்து வார்ம்-அப் முடிந்ததென்று முடிவு செய்யாதீர்கள். பேசிப் பாருங்கள்: முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

படி 3: மூட்டுகள்

கணுக்கால், இடுப்பு, தோள்பட்டை. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் பத்துச் சுற்று. அவ்வளவுதான்.

படி 4: அன்றைய வீடியோவை மெதுவாகச் செய்வது

எனக்கு நெடுநாள் பிடிபடாத இடம் இதுதான். யாரோ சொன்ன பொதுவான வார்ம்-அப்பை தினமும் செய்துகொண்டிருந்தால், கையை மட்டும் சுழற்றிவிட்டு காலுக்கான வீடியோவில் இறங்கும் கதையாகிவிடும். துண்டுத்தாளை எடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு அசைவையும் குதிக்காமல், பாதி ஆழத்தில், பாதி வேகத்தில் ஆறேழு முறை செய்யுங்கள். பர்பீ இருந்தால், கையைத் தரையில் ஊன்றி ஒவ்வொரு காலாகப் பின்னால் வைத்துத் திரும்ப எழுங்கள். புஷ்-அப்புக்குச் சுவரைத் தள்ளுங்கள்.

ஜம்ப் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுந்து குதிப்பது) இருக்கும் நாளில் ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதில் மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். அப்போது குதிகாலைக் கவனியுங்கள். கீழே போகப் போக அது தரையை விட்டு எழும்பினால் கணுக்கால் இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். சுவரைப் பிடித்து, ஒரு காலை முன்னால் வைத்து, குதிகால் எழாமல் முழங்காலைப் பெருவிரலுக்கு மேலே முன்னும் பின்னுமாக ஒரு பத்து முறை கொண்டுபோங்கள். திரும்ப நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். அதற்குப் பிறகும் எழும்பினால் அன்றைக்கு ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், குதிப்பதை விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு முன்னால் ஒரே நிலையில் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் எனக்குப் பிடிக்காது. ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்தால் அதன் பலம் சற்று நேரத்துக்குக் கொஞ்சம் குறையும். கால்பந்து வீரர்களுக்காக உருவான 'ஃபிஃபா 11+' வார்ம்-அப் சுமார் 20 நிமிடம், 15 பயிற்சிகள். அதுவும் இப்படி இழுத்துப் பிடிப்பதில் அல்ல, மெதுவான ஓட்டத்தில்தான் தொடங்குகிறது.

படி 5: முடிந்த பிறகு உட்காராதீர்கள்

முதலில் ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் அடுத்த வீடியோவும் விளம்பரமும் ஓடத் தொடங்கி, நாமும் போனைத் தேடி சோபாவில் சாய்ந்துவிடுவோம். குதிக்கும்போது காலுக்கு நிறைய ரத்தம் இறங்கியிருக்கும். அதை மேலே தள்ள உதவுவது கெண்டைக்கால் தசைதான். சட்டென்று நின்றுவிட்டால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைசுற்றும். அதனால் மூன்று முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். மூச்சு அடங்கிய பிறகு மேட்டுக்கு வந்து கெண்டைக்கால், பின்தொடை, முன்தொடை ஒவ்வொன்றையும் 20 முதல் 30 விநாடி பிடியுங்கள். மார்புக்குக் கதவு நிலையில் கையை ஊன்றி முன்னால் சாயலாம். முடித்த சூட்டோடு வெந்நீரில் குளிக்கப் போகாதீர்கள். ரத்தக் குழாய்கள் மேலும் விரிந்து மயக்கம் வரலாம்.

இந்தக் கூல்-டவுன் மறுநாள் வலியைப் போக்கும் என்று பலர் சொல்வார்கள். அப்படிப் பெரிதாகக் குறைவதில்லை. புதுப் பயிற்சிக்குப் பிறகு வரும் அந்த வலி ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே அடங்கும்.

கருவிகள் பற்றி: ஸ்மார்ட்வாட்ச் தேவையில்லை, போனில் இருக்கும் டைமர் போதும். பணம் செலவழிப்பதானால் வழுக்காத மேட்டுக்குச் செலவழியுங்கள். டைல்ஸ் தரையில் மலிவான மேட், ஒரு காலை முன்னால் வைத்து இறங்கும் 'லஞ்ச்' (lunge) பயிற்சியின்போது காலோடு சேர்ந்து நகரும். குதிக்கும் வீடியோ என்றால் வீட்டுக்குள்ளேயும் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

பின்குறிப்பு 1: "காலையில் மொத்தமே இருபது நிமிடம்தான் இருக்கிறது" என்று சிலர் கேட்டிருந்தார்கள். நடுவில் வெட்டுங்கள். ஆறு நிமிடம் முன்னால், நான்கு நிமிடம் பின்னால், வீடியோவில் ஒரு சுற்று மட்டும்.

பின்குறிப்பு 2: ரத்த அழுத்தத்துக்கு 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கம்போல ஏறாது. துடிப்பை எண்ணாமல் பேச்சுச் சோதனையையே நம்புங்கள், முன்னும் பின்னும் நடையை இன்னும் சில நிமிடம் நீட்டுங்கள். குதிக்கும் வீடியோவைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.