சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் 30 வீடு ஏறி இறங்குங்கள்
சர்வதேச வளர்ச்சித் துறையில், அதாவது உலக வங்கி, நிவாரண அமைப்புகள் போன்ற இடங்களில் வேலை தேடுகிறீர்களா? பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கும் முன், சர்வே எடுக்க உதவும் கோபோடூல்பாக்ஸ் (KoboToolbox) தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி உங்கள் தெருவிலேயே ஒரு சர்வே எடுங்கள். கொருக்குப்பேட்டையோ காசிமேடோ, 30 வீடு போதும்: தண்ணீர் லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை, வீட்டுக்கு எத்தனை குடம், தூக்குவது யார்.

நிவாரண அமைப்புகள் பல நாடுகளில் பயன்படுத்தும் கருவி இது. ஆண்ட்ராய்டு போனில் நெட் இல்லாமலும் பதிவாகும். சிக்னல் வந்ததும் அனுப்பிக்கொள்ளலாம். பயோடேட்டாவில் 'சமூக ஆர்வம் உண்டு' என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். '30 வீடுகளில் குடிநீர்க் கணக்கெடுப்பு' என்பது கண்ணில் படும். வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டுவிடுங்கள். ஆதார், போன் நம்பரெல்லாம் வேண்டாம்.

இளைஞர்களை வேலைக்கு எடுக்கும் உலக வங்கியின் இளம் வல்லுநர் திட்டத்துக்கு இது மட்டும் போதாது, அங்கே முதுகலைப் பட்டம் கட்டாயம்.